நிற்றல் என்னும் தொழில்

ஓடுதலையும் குதித்தலையும் தொழிலென்று மதிக்கும் உலகம் நிற்றலைத் தொழிலென்று மதிப்பதில்லை. "சும்மா நிற்கிறான்" என்பதே வழக்கு. ஆயின், சும்மா நிற்றல் என்பது மாந்தர்க்கு இயலாத செயல் என்பதே உடலியலார் கண்ட முடிபு. நெடிய உடல் இரண்டு சிற்றடிகளின்மேல் நிற்கின்றது. உடற்பாரம் கணுக்கால் மூட்டிற்குச் சற்று முன்னே விழுதலால், உடல் ஓயாது முன் சாயப் பார்க்கின்றது. கெண்டைக்கால் தசைகள் அதனை ஓயாது பின்னே ஈர்க்கின்றன. "அசையாதே" என்று அணிவகுப்பில் நிறுத்தப்பெற்ற மாணவனும் நூலிழையளவேனும் ஆடிக்கொண்டேதான் நிற்கிறான். உடற்பயிற்சி ஆசிரியர் இதனைப் பொறுத்தருள்க.

இவ்வாட்டத்தை அடக்கியாளுதற்குரிய செய்தி மூளைக்கு மூன்று வாயில்களால் வருகின்றது. ஒன்று கண். மற்றொன்று உட்செவியிலுள்ள கருவி. மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உடைய அது, தலை திரும்புதலையும் சாய்தலையும் அறிவிப்பது. இதனை ஆராய்ந்த ராபர்ட் பாரனி என்பார்க்கு 1914-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அறிவிக்கப்பெற்றபோது அவர் உருசியரிடம் போர்க்கைதியாய் இருந்தார் என்பர். மூன்றாவது, தோலினின்றும் தசையினின்றும் மூட்டினின்றும் எழும் உணர்வு. கண்ணை மூடியிருந்தும் நம் கை எங்குளதென நாம் அறிவது இதனாலேயாம். ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1906-இல் இதற்கொரு பெயர் வழங்கினார். யாம் இதனைத் தன்னுடலுணர்வு என்போம். தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தவிடத்து முதற்கண் எண்ணியது ஊற்றறிவே யாதலின், இதுவும் அதன்பாற்படும் என வாதிப்பார் எம் வகுப்பிலேயே உளர். புறத்தேயுள்ள பொருளைத் தொட்டறிதல் வேறு, தன் உடம்பைத் தான் அறிதல் வேறு என்பது எம் கருத்து.

அவ்வுணர்வின் அருமையை அதனை இழந்தாரிடத்தன்றோ காணல் வேண்டும்? இயன் வாட்டர்மன் என்னும் ஆங்கில இளைஞர் இறைச்சிக் கடையில் தொழில் செய்துவந்தவர். 1971-இல், எம்மைப்போல் 19 அகவையினராய் இருந்த காலை, ஒரு நோய்க்குப்பின் கழுத்திற்குக் கீழே தொடுவுணர்வும் தன்னுடலுணர்வும் அவரை விட்டகன்றன. தசைகள் வலியிழந்தில, சூடும் குளிரும் நோவும் அவர்க்குப் புலனாயின. ஆயினும் நிற்றல் ஒருபுறம் இருக்க, எழுந்து உட்காரவும் அவரால் இயலவில்லை. பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் நோக்கி, இது இவ்வாறு செல்க என எண்ணி எண்ணி, பல திங்கள் முயன்று நடை பயின்றார். விளக்கணைந்தால் விழுந்துவிடுவார். அவர் வரலாற்றை ஜோனதன் கோல் என்னும் மருத்துவர் 1991-இல் நூலாக எழுதினார். குழவிப் பருவத்தே நாம் பயின்று மறந்துவிட்டதொரு வித்தையை அவர் நாள்தோறும் நினைந்து நினைந்து செய்தார்.

இனி, யாம் இதனை எழுதப் புகுந்த காரணத்தைக் கூறுவோம். நம் கல்லூரிப் பெருமண்டபத்தின் முன்படிகளுக்குக் கைப்பிடி இல்லை. அதனை வேண்டியபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. கட்டடத்தின் அழகு கெடும் என்பது ஒன்று. காளையர் பயிலும் இடத்தில் கைப்பிடி எற்றுக்கு என்பது மற்றொன்று. அழகைப்பற்றி யாம் வாதிடோம். இரண்டாவது மறுப்போ, கைப்பிடி என்பது தளர்ந்தோர் தம் பாரத்தைச் சுமத்தும் தாங்குகோல் என்னும் எண்ணத்தினின்று பிறந்தது. அவ்வெண்ணம் பிழை. அமெரிக்காவிலுள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெக்கா, லாக்னர் என்னும் இருவர் செய்த ஆய்வொன்று 1994-இல் வெளிவந்தது. ஓரடியின் முன் மற்றோரடியை வைத்து நிற்போர், ஏறக்குறைய 100 கிராம் எடைக்கு மேற்படாத அழுத்தத்தில் ஒரு விரல்நுனியால் அசையாப் பொருளொன்றைத் தொட்டபோது, அவர்தம் ஆட்டம் பெரிதும் குறைந்தது. அவ்வழுத்தம் உடலைத் தாங்கப் போதாது. விரல் மூளைக்குச் செய்தி சொல்லிற்று, அவ்வளவே. அவ்வாய்வில் நின்றோர் தளர்ந்த முதியோரும் அல்லர்.

முதுமையிலோ மூன்று வாயில்களும் ஒருங்கே குறுகுகின்றன. கண் மங்கும், உட்செவியின் உணர்மயிர்கள் குறையும், உள்ளங்காலின் உணர்வு மரக்கும். நீரிழிவு உடையார்க்கு இம்மூன்றாவது குறை இன்னும் விரைந்து வரும். ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து உயிர் துறக்கின்றனர் என்றும், அவருள் 60 அகவை கடந்தோரே மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறும். பழைய மாணவர் கூட்டம் முடிந்து, அந்திக்கருக்கலில் அப்படிகளில் இறங்கும் பெரியோர்க்குக் கண்ணும் உதவுவதில்லை. "பார்த்து இறங்குங்கள், ஐயா" என்று கீழே நின்று கூவும் தொண்டர் நல்லவரே; பார்ப்பதற்கு ஒளி வேண்டுமே!

ஆகவே யாம் வேண்டுவன சில. படியின் இருமருங்கும் கைப்பிடி அமைக. அது முதற்படிக்குச் சற்று முன்னரே தொடங்கிக் கடைசிப் படியைக் கடந்து முடிவதாகுக. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைக்கோடு தீட்டப்பெறுக. விளக்கு, கூட்டம் கலைந்தபின்னன்றி, கதிரவன் மறையும் முன்னரே ஏற்றப்பெறுக. அடுத்த கல்லூரி நாளுக்கு முன் இவை நிறைவேறுமாயின், செலவில் ஒரு பகுதியைத் திரட்டித் தர எம் விடுதி மாணவர் இசைந்துள்ளனர்.