நூதனசாலைக்குக் கொடுக்கலாமா?



"நூதனசாலைக்கு நிதி திரட்டும் விருந்துக்கு எங்கள் கடைக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கொடுக்கலாமா, போகலாமா?" என்று லிந்துலைச் சகோதரி ஒருவர் கேட்கிறார்.

தாராளமாகக் கொடுக்கலாம். நூதனசாலை அறிவைக் காக்கும் இடம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதில் சீனம், தமிழ் ஆகியவற்றோடு பாரசீகமும் உண்டு. அந்தப் பாரசீகப் பகுதி முஸ்லிம்களுக்குரியது.

ஆனால் ஸகாத் பணத்தைத் தொடாதீர்கள். அதற்குரிய எட்டுக் கூட்டத்தாரை அல்லாஹுத் தஆலா திருக்குர்ஆனில் (9:60) வரையறுத்துவிட்டான். கடன், சம்பளம், வீட்டுச் செலவு போக மிஞ்சியதிலிருந்து கொடுங்கள்.

பெயர்ப் பலகைக்காகக் கொடுத்தால் கூலியும் அந்தப் பலகையோடு முடிந்துவிடும். அதே நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்காரைப் பாருங்கள். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறப்பு விழாவில், "என்ன கௌரவம் வேண்டும்?" என்று தேசாதிபதி கிரகரி கேட்டாராம். அவர் பட்டம் கேட்கவில்லை. ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமையில் மூடிவைக்கும்படி கேட்டாராம். வெகு காலம் அப்படியே நடந்தது.

போவதானால், மஃரிபு தொழ வசதி உண்டா, மது பரிமாறுவார்களா என்று முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். மது உண்டென்றால் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதே மேல்.

சகோதரிகளே! கணவர் அழைப்பிதழோடு வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: "கடைப் பையன்களுக்கு இந்த மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா?"

அல்லாஹ் நம் நிய்யத்தைச் சீராக்குவானாக! ஆமீன்.