கல்யாண கேசட்டை டிவிடி ஆக்கப் போறீங்களா? ஃபார்மேட்டைக் கவனிங்க!

பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு வி.எச்.எஸ் கேசட் தூங்குகிறதா? 1990-களில் கல்யாணம் நடந்த பல வீடுகளில் இருக்கும். கேசட் நாடாவில் இருக்கும் காந்தப் பூச்சு வருஷம் ஆக ஆகத் தளரும், பூஞ்சையும் பிடிக்கும். அதனால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடி போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது நல்ல யோசனைதான்.

ஆனால், பர்ன் செய்வதற்கு முன்னால் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். ‘அவுட்புட் ஃபார்மேட் என்ன?’ பலரும் முதலில் தெரிவதை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு பாட்டி வீட்டு டிவியில் படமே வராது.

இந்தக் கேள்விக்கான விடை உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அந்த டிஸ்க் யார் வீட்டுக்குப் போகிறது, அங்கே என்ன பிளேயர் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

டிவிடி வீடியோவா, டேட்டா டிஸ்க்கா?

டேட்டா டிஸ்க் என்றால், எம்பி4 ஃபைலை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்வது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும். பழைய டிவிடி பிளேயருக்கு அது புரியாது. டிவிடி வீடியோ என்று தேர்வு செய்தால், சாஃப்ட்வேர் படத்தை எம்பெக்-2 என்ற முறைக்கு மாற்றி, பிளேயர் எதிர்பார்க்கிற ஃபோல்டரில் அடுக்கிக் கொடுக்கும். டிவியோடு பிளேயரை இணைத்துப் பார்ப்பவர்களுக்கு இதுதான் சரி.

பாலா, என்.டி.எஸ்.சி-யா?

குடிக்கிற பால் இல்லை! இவை இரண்டும் பழைய டிவி ஒளிபரப்பு முறைகள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து எல்லாம் பால். நொடிக்கு 25 படங்கள், டிவிடியில் 720×576 அளவு. அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. நொடிக்குச் சுமார் 30 படங்கள், 720×480 அளவு.

நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும். அமெரிக்காவில் வாங்கிய பிளேயர்கள் பலவற்றில் பால் டிஸ்க் ஓடாது. நம் ஊர் கேசட் 25 படக் கணக்கில் பதிவானது என்பதால், இங்கே இருப்பவர்களுக்குப் பால் முறையிலேயே விடுங்கள். நியூஜெர்சி சித்தப்பாவுக்கு மட்டும் தனியாக என்.டி.எஸ்.சி-யில் ஒன்று போடுங்கள். அசைவுகள் லேசாகத் துள்ளலாம், ஆனால் படம் ஓடும்.

எவ்வளவு நேரம் அடங்கும்?

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஒரு மணி நேரப் படம் என்றால் பளிச்சென்று இருக்கும். இரண்டு மணி நேரம் வரை குறை சொல்ல முடியாது. நாலு மணி நேரத்தைத் திணித்தால், ஹோமப்புகையும் ஆட்களும் கட்டம் கட்டமாகத் தெரிவார்கள். நீளமான கல்யாணமா? வரவேற்பு ஒரு டிஸ்க், முகூர்த்தம் ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுங்கள்.

படத்தின் வடிவம்

பழைய கேசட் படம் 4:3 வடிவம். அகலத் திரைக்காக 16:9 என்று இழுத்தால், ஒல்லியான மாப்பிள்ளையும் குண்டாகிவிடுவார். 4:3 என்றே வைத்திருங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாகத் தெரிந்தால் பரவாயில்லை.

பர்ன் செய்யும்போது

வேகத்தைக் குறைத்து 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வையுங்கள். ‘ஃபைனலைஸ்’ என்ற வசதி இருந்தால் மறக்காமல் டிக் செய்யுங்கள். அது செய்யாத டிஸ்க்கைப் பல பிளேயர்கள் படிக்காது. முதல் டிஸ்க்கை டிவியில் போட்டுக் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற காப்பிகளைப் போடுங்கள். மேலே பெயர் எழுத மார்க்கர் பேனாதான். பால்பாயின்ட் பேனா டிஸ்க்கைக் கீறிவிடும்.

மொபைலில் எடுத்த வீடியோ என்றால்..?

டிவிடிக்கு மாற்றும்போது அதன் தெளிவு கட்டாயம் குறையும். டிஸ்க் என்பது பார்ப்பதற்கான ஒரு காப்பி மட்டுமே. ஒரிஜினல் ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஓர் இடத்தில் ஒன்று என்று பத்திரப்படுத்துங்கள். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய ஃபைலுக்கும் இதே விதிதான். நாமே பர்ன் செய்யும் டிஸ்க்கும் காலத்துக்கும் நிற்காது. வீட்டில் டிவிடி இருக்கிறதே என்று அந்த கேசட்டைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன்பு பாட்டிக்கு ஒரு போன் போடுங்கள். பிளேயரின் முன்பக்கம் பென்டிரைவ் சொருகும் துளை இருக்கிறதா என்று பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், டிவிடியோடு ஒரு பென்டிரைவும் சேர்த்து அனுப்பிவிடலாம். டிஸ்க் கீறல் விழுந்தாலும் தாத்தா தாலி எடுத்துக் கொடுத்த காட்சி தப்பிக்கும்.