கல்லாச் சாவி யாரிடம்?

“ஐடி, பாஸ்வேர்டு அனுப்பிடுங்க அண்ணா, கீ நானே எடுத்துக்கறேன். ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க.”

இணையத்தில் கடை போட முனைந்த சிறு வியாபாரிகள் பலருக்கு இந்த வாட்ஸ்அப் செய்தி பழக்கமானதுதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ சின்னாளப்பட்டிச் சேலையோ விற்பவர், வெப்சைட் செய்து தருபவரின் இந்தக் கோரிக்கையை மறுப்பதில்லை. வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கணக்கின் லாகினையும் ஓடிபியையும் கொடுத்துவிடுகிறார். அவரை ஏமாளி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வேறு வழி இல்லாதபடி அவரை நிறுத்தி வைத்திருக்கும் கேட்வே நிறுவனங்களையே இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது.

அந்தக் கீ என்பது என்ன? கேட்வே நிறுவனம் கடைக்குத் தரும் எழுத்துக் கோவைகளில் ஒன்று கடையின் அடையாளம். அது வெளியே தெரிந்தால் பெரிய கேடில்லை. மற்றொன்று இரகசியம். ஒருவர் பணம் கட்டியதும் ‘பணம் வந்துவிட்டது’ என்ற தகவல் கடையின் வெப்சைட்டுக்கு வருகிறது. அது மெய்தானா என்று வெப்சைட் சரிபார்ப்பது பெரும்பாலும் இந்த இரகசியத்தை வைத்துத்தான். அது பிறர் கைக்குப் போனால், ஒரு ரூபாயும் கட்டாமலே ‘கட்டியாயிற்று’ என்று பொய் முத்திரை குத்திவிடலாம். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கூரியரில் அனுப்பிவிட்டு, வங்கிக் கணக்கைப் பார்க்கும் நாளில்தான் விழிப்பார். பல கேட்வேக்களில் இதே ஜோடியைக் கொண்டு ரீஃபண்ட் போடலாம். யார், எப்போது, எவ்வளவு கட்டினார் என்ற விவரத்தையும் எடுக்கலாம். கடையின் கல்லாச் சாவி இதுதான்.

இந்தச் சாவிக்கு ஒரே பெயராவது வைத்தார்களா? ரேசர்பேயில் கீ ஐடி, கீ சீக்ரெட். பேயூவில் கீ, சால்ட். சிசிஅவென்யூவில் மெர்சன்ட் ஐடி, ஆக்சஸ் கோட், வொர்க்கிங் கீ என மூன்று. பேபாலில் கிளையன்ட் ஐடி, சீக்ரெட். சால்ட் என்றால் உப்பு என்று பள்ளியில் படித்தவருக்கு, அதுதான் கல்லாச் சாவி என்று எந்த ஜோசியர் வந்து சொல்வார்? பெயரைக் கண்டுபிடித்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டேஷ்போர்டில் அமைப்புகளுக்குள் நுழைந்து, டெவலப்பர்களுக்கானது என்று தலைப்பிட்ட பகுதியைத் தேடி, அதற்குள் ஏபிஐ கீ என்ற வரியைப் பிடிக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். இத்தனைக்கும், பணம் கட்டும் வாடிக்கையாளருக்குத் தமிழிலும் திரை காட்டும் வசதியைச் செய்து வைத்திருக்கும் நிறுவனம் இந்தத் தொழிலிலேயே இருக்கிறது. பணம் கட்டுபவரிடம் பேசும் தமிழ், கடைக்காரரிடம் வரும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

சில கேட்வேக்கள் இரகசியக் கோவையை ஒரே ஒரு முறைதான் காட்டுகின்றன. அது சரியான பாதுகாப்பு ஏற்பாடு. அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் ‘இதை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி காட்ட மாட்டோம்’ என்பதைக் கடைக்காரருக்குப் புரியும் மொழியில், பட்டனை அழுத்துவதற்கு முன்பே சொல்ல வேண்டாமா? தெரியாமல் திரையை மூடியவர் புதிய கீ உருவாக்குகிறார். பழைய கீ செத்துப்போக, ஓடிக்கொண்டிருந்த கடையில் பணம் வாங்குவது நின்றுபோகிறது.

டெஸ்ட், லைவ் என்ற இரட்டை நிலை இன்னொரு குழி. கேஒய்சி முடிந்து கணக்குக்கு அனுமதி கிடைக்கும்வரை கையில் இருப்பது சோதனைக் கீ. ரேசர்பேயில் கீயின் தொடக்கத்திலேயே டெஸ்ட் என்றோ லைவ் என்றோ எழுதியிருக்கும். பார்க்கத் தெரிந்தவருக்கு அது போதும். பார்க்கத் தெரியாதவர் சோதனைக் கீயோடு கடையைத் திறந்துவிட்டால் ஆர்டர் விழும், ‘பணம் பெறப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டும், காசு மட்டும் வராது.

நம் இதழின் சந்தாவை இணையத்தில் வாங்கத் தொடங்கியபோது நாமும் ஒரு கேட்வேயின் உதவி மையத்துக்கு எழுதினோம். கீ எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டு நாள் கழித்து ஓர் ஆங்கிலப் பக்கத்தின் சுட்டியும், ‘உங்கள் டெவலப்பரிடம் காட்டுங்கள்’ என்ற வரியும் வந்தன. கணக்குக்கு உரியவர் கேட்கிறார். நிறுவனமோ மூன்றாம் ஆளைக் கைகாட்டுகிறது. பாஸ்வேர்டை யாரிடமும் பகிராதீர்கள் என்று மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறவர்களும் இவர்களேதான்.

வெப்சைட் செய்து தரும் தம்பிகளும் காதுகொடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் லாகின் உங்களுக்குத் தேவையே இல்லை. வூகாமர்ஸ் கடையென்றால் அமைப்புகளில் பேமென்ட் பக்கத்தைத் திறந்து, கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே கீயை ஒட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைப்பேசி எண்ணிலும் கேட்வே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆண்டுப் பராமரிப்புத் தொகை தராவிட்டால் தர மாட்டேன் என்று நிற்பவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: அது தொழில் அல்ல, பிணை பிடிப்பது.

இத்தகைய கேட்வேக்களை நடத்தும் கட்டணத் திரட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று வெளியிட்டது. கார்டு எண்ணைக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது என்ற தடையும் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரின் கார்டுக்கு இத்தனை காவல் போட்ட வங்கி, விற்பவரின் சாவியையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னதும் அதே ரிசர்வ் வங்கிதான். அந்த விதியை வியாபாரியின் டேஷ்போர்டுக்கும் நீட்டிக்க வேண்டும்.

நிறுவனங்கள் உடனே செய்ய வேண்டியவை உண்டு. கீ பக்கம் டேஷ்போர்டின் முகப்பிலேயே, ‘கடைச் சாவி’ என்பது போன்ற புரியும் பெயரோடு, தமிழில் இருக்க வேண்டும். சோதனைக் கீயோடு கடை திறந்திருந்தால் உரிமையாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போக வேண்டும். டெவலப்பரைத் தனிப் பயனராகச் சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்கும் வசதி பல டேஷ்போர்டுகளில் ஏற்கெனவே உண்டு. அதைக் கணக்குத் திறக்கும் அன்றே சொல்லிக் கொடுக்க வேண்டும். கீ எங்கே என்று கடைக்காரர் கேட்டால், படத்தோடும் அம்புக்குறியோடும் அவருக்கே பதில் போக வேண்டும்.

இரகசியக் கீயை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்ட கடைக்காரர்கள், வெப்சைட்டின் பேமென்ட் பக்கத்தை முதலில் திறந்து வைத்துக்கொண்டு, இன்றே புதிய கீ உருவாக்கி அங்கே மாற்றிவிடுங்கள். பிறகு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இதற்கு உதவி கேட்டு நீங்கள் எழுதும் கடிதத்துக்கு இந்த முறையாவது தமிழில் பதில் வருகிறதா என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.