சின்னத் துப்பாக்கி பெண்களுக்கு ஏற்றதா?

"பெண் பிள்ளையின் கை சின்னது. அதனால் துப்பாக்கியும் சின்னதாக, லேசாக இருக்கட்டும்."

குறி பார்த்துச் சுடும் போட்டி என்று பேச்சு வந்தால், பல பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இது சரியல்ல!

2014-ம் ஆண்டில், கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்காக என்று சொல்லி ஒரு ரிவால்வரைக் கொண்டு வந்தது. அதன் பெயர் "நிர்பீக்". பயம் இல்லாதவர் என்பது பொருள். எடை சுமார் அரை கிலோ. கைப்பையில் அடங்கும். அப்போது அதன் விலை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கும் மேல்!

எடுத்துச் செல்ல இது வசதிதான். ஆனால் எடுத்துச் செல்வது வேறு. குறி தவறாமல் சுடுவது வேறு.

எடை குறைந்தால் உதை கூடும்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். சிறிய படகு ஒரு சின்ன அலைக்கே துள்ளும். பெரிய விசைப்படகு அதே அலையில் லேசாக ஆடும், அவ்வளவுதான்.

துப்பாக்கியும் அப்படியே. குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஒரே குண்டை அரை கிலோ துப்பாக்கியிலும் ஒரு கிலோ துப்பாக்கியிலும் சுட்டால், லேசான துப்பாக்கி இரண்டு மடங்கு வேகத்தில் உதைக்கும். கை வலிக்கும். அடுத்த குண்டுக்கு முன்பே மனம் பயப்படும். பயந்த கை குறியில் நிற்காது.

விரலில் 5 கிலோ

அடுத்தது விசை. ரிவால்வரின் விசையை ஒரே இழுப்பாக இழுத்தால், அது மூன்று வேலை செய்கிறது. குண்டு இருக்கும் உருளையைச் சுற்றுகிறது. பின்னால் உள்ள சுத்தியைத் தூக்குகிறது. பிறகு அதை விடுவிக்கிறது. இதற்குப் பல ரிவால்வர்களில் 4, 5 கிலோ பலம் வேண்டும். 5 கிலோ அரிசிப் பையை ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள், தெரியும்! அரை கிலோ எடையுள்ள துப்பாக்கியை அப்படி இழுத்தால், அது ஆடாமல் என்ன செய்யும்?

கட்டை விரலால் சுத்தியை முதலில் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால், விசைக்கு ஒன்றிரண்டு கிலோ பலமே போதும். ஆனால் சில குட்டி ரிவால்வர்களில், பையில் மாட்டிக் கொள்ளாமல் இருக்க, அந்தச் சுத்தியை உள்ளே மறைத்து விடுகிறார்கள்.

குட்டி ரிவால்வருக்குக் குழலும் குட்டை. குறி பார்க்கும் இரண்டு முனைகளும் நெருங்கி இருக்கும். அவற்றுக்கு இடையே 10 சென்டி மீட்டர்தான் என்றால், 1 மில்லி மீட்டர் பிசகினாலும், 25 மீட்டர் தூரத்தில் குண்டு 25 சென்டி மீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 20 சென்டி மீட்டர் என்றால், தவறு பாதியாகக் குறையும்.

மனு பாக்கர் காட்டும் வழி

அதற்காகப் பெரிய துப்பாக்கியே சிறந்தது என்று சொல்லவில்லை. பிடி பெரிதாக இருந்தால் விரல் விசைக்கு எட்டாது. எட்டிப் பிடித்து இழுத்தால் குழல் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆள்காட்டி விரலின் நுனிப் பகுதி, சிரமம் இல்லாமல் விசை மேல் படிய வேண்டும். இதுதான் அளவு.

2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். இரண்டும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். அந்தப் போட்டியில் விசையின் பலம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி! பெண் என்பதற்காகத் தனியாக ஒரு குட்டித் துப்பாக்கி கிடையாது. அவரவர் கைக்கு ஏற்றபடி பிடியை அமைத்துக் கொள்கிறார்கள்.

இதே கடற்கரையில் உள்ள கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். நம் பெண்களுக்குக் குறி வராது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே, காரைக்காலில் பெண் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ரிவால்வர் வேண்டாம். உதை இல்லாத ஏர் பிஸ்டல் போதும். பலவித அளவுகளில் பிடிகள் வையுங்கள். பிள்ளையின் கையை அளந்து பாருங்கள். பயிற்சியாளர் முன்னிலையில், குண்டு இல்லாத துப்பாக்கியின் குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கப் பழக்குங்கள்.

சட்டைக்கு அளவு எடுக்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். துப்பாக்கிக்கு மட்டும், "பெண்தானே, சின்னதைக் கொடு" என்பதா? கையைப் பார்த்துக் கொடுங்கள். குறி தானாக வரும்!