கொடை என்னும் சொல்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு மரக்குவிமாடம் இருக்கிறது. குஜராத்தின் பாட்டன் நகரத்துச் சமணர்களுக்காகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தேக்கில் செதுக்கப்பட்டது. அது வாடி பார்ஸ்வநாதர் கோயிலின் மண்டப விதானம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அருங்காட்சியகம் சூட்டிய பெயரிலோ கோயில் இல்லை. பொதுவாக ஒரு 'சமணக் கூடம்', அவ்வளவே.

காலத்தின் புதிர் என்று ரசிகர்கள் இதைச் சிலாகிக்கக்கூடும். நான் மறுக்கிறேன். இது புதையுண்டு கிடைத்த பொருளல்ல. 1916இல் ராபர்ட், லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற சகோதரர்கள் அளித்த கொடை. ராபர்ட் அப்போது அதே அருங்காட்சியகத்தின் தலைவர். லாக்வுட், 1881இல் அகமதாபாத் வணிகர் மகன்பாய் ஹதீசிங்குடன் சேர்ந்து மரச்செதுக்குப் பட்டறை தொடங்கியவர். ஊரும் அறிந்தவர், மரமும் அறிந்தவர்.

விட்டிருந்தால் கரையான் அரித்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். மரத்தைக் காப்பது மட்டும்தான் காப்பதா? அதன் முகவரி யார் பொறுப்பு? எந்தக் கூரையிலிருந்து இறங்கியது, யார் விற்றார், என்ன விலை என்பவற்றைப் பலகையில் எழுதட்டும். தெரியாதெனில், தெரியாது என்றே எழுதட்டும். 'கொடை' என்ற சொல் கைமாறிய கதையின் கடைசி வரி மட்டுமே. கொடுத்தவர் பெயருக்கு இடமிருக்கும் பலகையில் தொழுதவர்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.