நாற்பதாயிரம் ரூபாய் ட்ரோனுக்கு கோடி ரூபாய் ஏவுகணையா?

"எஸ்-400 இருக்கு, எல்லாத்தையும் சுட்டுத் தள்ளிடுவோம்"னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்த விடுற அண்ணன்களுக்கு ஒரே ஒரு கேள்வி. பதுங்குகுழியில நிக்கிற நம்ம ஊர்ப் பையன் தலைக்கு மேல, சின்ன ட்ரோன் ஒண்ணு குண்டோட வந்து நின்னா எஸ்-400 என்ன செய்யும்?

ஒண்ணும் செய்யாது. அது இந்த வேலைக்கான ஆயுதமே இல்லை.

2021 ஜூன் 27 அதிகாலை, ஜம்மு விமானப்படைத் தளத்தில் 2 ட்ரோன்கள் குண்டு போட்டன. எல்லையிலிருந்து அந்தத் தளம் சுமார் 14 கிலோமீட்டர்தான். அது முதல் எச்சரிக்கை. அடுத்தது 2025 மே 8 இரவு. லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில், 300 முதல் 400 ட்ரோன்களை பாகிஸ்தான் ஏவியதாக ராணுவமே அறிவித்தது. நம் வான் பாதுகாப்பு எங்கே இருக்கு, எப்படி வேலை செய்யுதுன்னு வேவு பார்ப்பதுதான் அதன் நோக்கம் என்றும் சொன்னது.

அவற்றை வீழ்த்தியதில் பெரும் பங்கு எல்-70 போன்ற பழைய பீரங்கிகளுக்கு. 1960-களில் வந்த பீரங்கிக்கு ரேடாரும் கேமராவும் பொருத்தி அடிச்சாங்க. அந்த வீரர்களுக்குத் தலை வணங்குறோம். நம்ம கேள்வி வீரர்களுக்கு இல்லை, டெல்லிக்கு.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்குவோம். சின்ன ட்ரோனைப் பிடிப்பது ஏன் கஷ்டம்? பிளாஸ்டிக் உடம்பு, பறவை அளவு, மரத்தை ஒட்டிப் பறக்கும். ரேடாருக்கு அது காக்கா மாதிரிதான் தெரியும். அதனால ரேடார் மட்டும் போதாது. ரேடியோ அலையை ஒட்டுக் கேட்கும் கருவி, விசிறிச் சத்தத்தைப் பிடிக்கும் மைக், இரவுக் கேமரா எல்லாம் சேர்ந்து ஒரே திரையில் வரணும்.

கண்டுபிடிச்சா மட்டும் போதுமா? 2024 ஜனவரி 28, ஜோர்டானில் டவர் 22 முகாமில் 3 அமெரிக்க வீரர்கள் ட்ரோன் தாக்குதலில் செத்தாங்க. திரும்பி வந்த தங்கள் ட்ரோன்னு நினைச்சு விட்டுட்டாங்கன்னு முதல்கட்டத் தகவல் வந்தது. உலகத்திலேயே அதிகம் செலவு செய்யும் ராணுவத்துக்கே இந்த நிலை.

அடுத்து, தடுப்பது எப்படி? ஜாமர் வெச்சு ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் உள்ள தொடர்பை அறுக்கலாம். ஆனா உக்ரைன் போர்க்களத்தில் இப்போ கண்ணாடி இழை கேபிளை அவிழ்த்துக்கிட்டே பறக்கும் ட்ரோன் வந்துடுச்சு. ரேடியோவே இல்லாததை ஜாமர் என்ன செய்யும்? அதனால அங்கே சாலை மேல வலை கட்டுறாங்க. ஷாட்கன் தூக்குறாங்க. ட்ரோனை மோதி வீழ்த்த இன்னொரு மலிவு ட்ரோனை அனுப்புறாங்க. துப்பாக்கி மேல பொருத்தி, குறி சரியா அமையும்போது மட்டும் சுட வைக்கும் கணினிக் குறிநோக்கியும் இருக்கு. நம் டி.ஆர்.டி.ஓ. 2025 ஏப்ரலில் கர்னூலில் 30 கிலோவாட் லேசரைச் சோதித்தது. பாராட்டுறோம். ஆனா சோதனைத் திடலில் இருக்கும் லேசர், பதுங்குகுழியில் இருக்கும் பையனைக் காப்பாத்தாது.

கணக்கு இதுதான்: எதிரி செலவழிப்பது 40,000 ரூபாய். அதை வீழ்த்த நாம் கோடி ரூபாய் ஏவுகணையை விட்டா, ட்ரோன் விழுந்தாலும் ஜெயிச்சது அவன்தான். மலிவான அடிக்கு மலிவான தடுப்புதான் வேணும். அதுவும் ஒவ்வொரு காவல் நிலையிலும் வேணும்.

இப்போ டெல்லிக்கு 3 கேள்வி.

1. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டீங்க. உதிரி பாகத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வெச்சீங்க. விளைவு? சீனப் பாகங்கள் இருந்ததால், 2025 பிப்ரவரியில் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவமே ரத்து செய்தது. மோட்டார், சிப், பேட்டரியை இங்கே செய்ய வைக்காம மேலே ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினா அது சுதேசியா? ட்ரோன் தொழிலுக்கு 2021-ல் அறிவிச்ச ஊக்கத்தொகை 3 வருஷத்துக்கும் சேர்த்து 120 கோடி. இதுக்குப் பேரு வல்லரசுக் கனவா?

2. நம் பொறியியல் பசங்க ட்ரோன் தடுப்புக் கருவி செஞ்சா எங்கே சோதிப்பாங்க? ஜாமரை அனுமதி இல்லாம இயக்குவது சட்டவிரோதம். சட்டம் சரிதான். ஆனா அனுமதியோட சோதிக்க, தென்மாவட்ட மாணவன் எட்டிப் போற தூரத்தில் ஒரு திடல் வேண்டாமா? ராமநாதபுரம் தாண்டினா உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம். 2012 முதல் ஆளில்லா விமானப் படையணி அங்கே இருக்கு. அந்த அனுபவத்தில் ஒரு துளியாவது நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு வர வழி செய்யக் கூடாதா?

3. காலாட்படை பட்டாலியன்களில் ட்ரோன் பிளாட்டூன் என்று ராணுவத் தளபதி 2025 ஜூலையில் சொன்னார். நல்ல முடிவு. ஆனா எது ட்ரோன், எது பறவை, எது நம்ம ஆளோடதுன்னு சில நொடியில் முடிவெடுக்கும் கண்ணும் காதும் அனுபவத்தில்தான் வரும். அக்னிபாத்தில் 4 வருஷம்தான் சர்வீஸ். அதில் 25 சதவீதம் பேரை மட்டும் வெச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்பிடுவோம்னுதான் திட்டத்தையே அறிவிச்சீங்க. வேலை பழகினதும் வீட்டுக்கு அனுப்பிட்டா, அடுத்த ட்ரோனைப் பார்த்து அடையாளம் சொல்லப்போவது யாரு?

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை, தோழர்களே. 2020-ல் கல்வானில் உயிர் கொடுத்த ஹவில்தார் பழனி நம் மாவட்டம், திருவாடானை பக்கம் கடுக்கலூர்க்காரர். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி கிராமங்களில் விடியக்காலையில் ஓடிப் பழகும் பசங்க நாளைக்கு அதே எல்லையில்தான் நிக்கப் போறாங்க. தேசபக்தின்னா அவங்க படத்துக்கு மாலை போடுறது இல்லை. படம் ஆகாம திரும்பி வர வைக்கிறது.

நம் கோரிக்கை: ஒவ்வொரு முன்னணி நிலைக்கும் ட்ரோன் கண்டறியும் கருவி, ஜாமர், வலை, குறிநோக்கி. உதிரி பாக உற்பத்திக்கு உண்மையான நிதி. தென்மாவட்டத்தில் சோதனைத் திடல். பயிற்சி பெற்ற வீரனுக்கு முழு சர்வீஸ்.

கமெண்ட்ல வந்து "தேசத்துரோகி"ன்னு சொல்றவங்க, மேல இருக்கிற 3 கேள்விக்குப் பதில் சொல்லிட்டுச் சொல்லுங்க. மத்தவங்க பகிருங்க. படையில பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது போய்ச் சேரணும்.

– தகவல் தொழில்நுட்ப அணி, பரமக்குடி

#வீரனுக்குக்_கவசம்_எங்கே