அடிக்கடி அணையும் உலை

நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடா நாட்டிலே வின்னிப்பெக் என்றொரு நகரமுண்டு. குளிர்கால இரவுகள் சிலவற்றில் அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைக்கும் இறங்கிவிடும். கோடையிலோ 30 பாகைக்கு மேலும் ஏறும். அத்தகைய ஊரில் வீட்டைச் சூடாக்கும் உலை உயிர்க்காவலாகும். கடுங்குளிரில் அது ஓய்ந்தால் குழாய்நீர் உறைந்து குழாய்கள் வெடிக்கும். மனிதர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இதனை நாம் வகுப்பிற் கூறியபோது, “பெரிய உலையாக வாங்கிவிட்டாற் பயமில்லைத்தானே, சேர்?” என்றான் ஒரு மாணவன். பலருக்கும் தோன்றும் எண்ணமே அது. ஆயினும் அதிலேதான் ஆபத்து இருக்கின்றது.

உலையை ஏவுவதும் நிறுத்துவதும் சுவரிலுள்ள தேமோஸ்ரற் என்னும் கருவி. 1883ஆம் ஆண்டில் இதன் முன்னோடியொன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்ற வாறன் ஜோன்சன், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆசிரியராய் இருந்தவர். வகுப்பறை குளிர்ந்ததும் உலையறையில் மணியொலித்துப் பணியாளுக்கு அறிவித்தது அக்கருவி.

அளவுக்கு மிஞ்சிய உலை சில நிமிடங்களில் வீட்டைச் சூடாக்கிவிடும். உடனே கருவி அதனை நிறுத்தும். சூடு தணிந்ததும் மீண்டும் மூட்டும். ஆண்டின் மிகக் கடுங்குளிரான நாளை எண்ணி அஞ்சி வாங்கியமையால், ஏனைய நாளெல்லாம் உலை இவ்வாறே அணைந்தும் எரிந்தும் அல்லலுறும். யந்திர உறுப்புகள் பெரிதும் தேய்வது தொடங்கும் வேளையிலேயே. ஆதலின், எந்த இரவுக்காக வாங்கினோமோ அந்த இரவிலேயே அது கைவிடவுங் கூடும்!

குளிர்விக்கும் யந்திரத்துக்கும் இந்நோயுண்டு. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருட்குழாயிற் படிந்து நீராய் வடிந்தோட நேரம் வேண்டும். யந்திரம் விரைவில் நின்றுவிட்டால், படிந்த நீரும் ஆவியாகி அறைக்கே மீளும். அறை குளிரும், உடலோ பிசுபிசுக்கும். ஈரக்காற்று மிகுந்த நம் கொழும்பிலும் இதனைக் காணலாம்.

பருமன் மட்டுமே காரணமன்று. காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால், உலை மிதமிஞ்சிச் சூடேறிக் காப்பு ஆளியால் நிறுத்தப்படும். தேமோஸ்ரற் வெயில் படும் சுவரில் இருந்தாலும் பிழையான கட்டளையே பிறக்கும். ஆகவே, முதலில் வடிகட்டியைப் பார்த்தல் வேண்டும். புதிய யந்திரம் வாங்குவோர், சுவர், சாளரம், கூரை ஆகியவற்றின் வழியே வீடு இழக்கும் வெப்பத்தைக் கணித்தபின்னரே வாங்குதல் வேண்டும்.

அச்சத்தை அளவுகோலாகக் கொள்ளாது தேவையைக் கொண்டால், யந்திரம் நின்று நிதானமாக உழைக்கும். அம்மாணவனுக்கு நாம் அளித்த விடையும் இதுவே.